மூன்றாவது அட்டை

செகண்ட்ஸ் அக்கா என்றால் அந்த டைல்ஸ் கடையில் தெரியாதவர் கிடையாது. ஆளே இரண்டாம் தரம் என்று யாரும் அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படி எடுத்துக்கொண்ட இரண்டொரு பேர் இப்போது வேறு கடையில் சாமான் வாங்குகிறார்கள். கடையின் முன்பக்கம் கண்ணாடிக் கதவு, ஏசி, முதல் தரச் சரக்கு, வாசனை போட்ட விற்பனைப் பையன்கள். பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே செகண்ட்ஸ் எனப்படும் இரண்டாம் தரத் தள்ளுபடிச் சரக்கு. அந்தச் சரக்குக்கு நடுவில் ஒரு மர மேசை, ஒரு ஸ்டூல், ஒரு ஈரத் துணி, ஒரு கறுப்பு மார்க்கர் பேனா, அப்புறம் அவள்.

வேலை விற்பது மட்டும் அல்ல. வாங்கிப்போன டைல்ஸில் குறை என்று யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் தீர்ப்பு சொல்வதும் அவள்தான். டைல்ஸை மூக்குக்கு நேராகச் சாய்த்து வெளிச்சத்தில் ஓட்டுவாள். மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஈரத் துணியால் ஒரே இழுப்பாகத் துடைப்பாள். மை முழுசாகப் போய்விட்டால், "அண்ணே, மேல்பூச்சு நல்லாத்தான் இருக்கு. உங்க வீட்டுல எதையோ ஊத்திக் கழுவியிருக்கீங்க, போயிட்டு வாங்க" என்பாள். ஊசி குத்தின மாதிரி கறுப்புப் புள்ளிகள் தங்கிவிட்டால் அது சூளையிலேயே வந்த குறை. அப்போது முதலாளியே குறுக்கே விழுந்தாலும் சரக்கைத் திரும்ப எடுக்க வைத்துவிட்டுத்தான் ஸ்டூலில் உட்காருவாள். இத்தனை வருடத்தில் அவள் தீர்ப்பு ஒருமுறைகூட மாறினது இல்லை. முதலாளிக்கு இதில் பெருமையும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு.

அந்த வாரம் அவள் வீட்டுக்கே ஒரு புகார் வந்தது. சிவப்பு அட்டை.

மகளுக்கு ஏழு வயசு. வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் கண்ணைத் திறக்கும்போதே செய்தி வாசிக்க ஆரம்பிப்பவள், படுக்கையில் விழுந்த பிறகும் அரை மணி நேரம் ஓடிக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் பல் பரிசோதனை முகாம். முதல் நாளே இவள் வகுப்புக்குப் பார்த்துவிட்டார்கள். நல்ல பல்லுக்குப் பச்சை அட்டை, மோசமான பல்லுக்குச் சிவப்பு. மகள் புத்தகப் பையிலிருந்து சிவப்பை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அட்டையைத் திருப்பினால் அச்சடித்த எழுத்து: பல் பராமரிப்பு மோசம். பெற்றோரின் கவனக்குறைவு. தினமும் இருமுறை பல் துலக்கவும்.

வண்டி ஓட்டிக் களைத்து வந்த கணவன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தான். "நீதான் பிஸ்கட்டா வாங்கிக் குடுக்கறே."

"ஓஹோ. போன வாரம் மிட்டாய்ப் பொட்டலத்தோட வந்து எறங்கினது யாரு, உங்க ஆவியா?"

"நான் வாங்கினது ஒரு நாள். நீ தெனம் வாங்கறே."

"தெனம் ரெண்டு வேளை நின்னு தேச்சும் விடறேன். அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வராதே."

சண்டை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதியில் அவளுக்கே அலுத்துவிட்டது. எழுந்துபோய் மகளைத் திருப்பி, வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தைக் கன்னத்தின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்தாள். நேரே அடித்தால் எந்தக் குறையும் தெரியாது. சாய்த்து அடித்தால்தான் உண்மை வெளியே வரும். அது தொழில் பாடம்.

கீழே இரண்டு கடைவாய்ப் பற்கள், மேலே ஒன்று. போன வருடம் முளைத்தவை. மற்ற பற்கள் பளிச்சென்று இருக்க, இந்த மூன்றில் மட்டும் திட்டுத் திட்டாக மஞ்சளும் பழுப்பும். யாரோ வரைபடம் போட்டு எல்லை கட்டின மாதிரி விளிம்பு. ஒன்றில் ஓரம் பொடிந்திருந்தது. முன்பல் ஒன்றின் நுனியிலும் சுண்ணாம்பு ஒட்டின மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு.

அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. போன வருடம் ஈறு வலிக்கிறது என்று மகள் அழுதபோது இதே வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாள். அந்தப் பல் அப்போது ஈறைக் கிழித்துக்கொண்டு பாதி மட்டும் எட்டிப் பார்த்தது. அந்தப் பாதியே பழுப்பாகத்தான் இருந்தது.

"என்னங்க, பெட்டியைப் பிரிக்கும்போதே கறை இருந்தா அது யாரு தப்பு?"

"என்னடி உளர்றே?"

"ஒண்ணுமில்ல. தூங்குங்க."

மறுநாள் சாயங்காலம் மகள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்தாள். துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. மதியம் ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பார்கள், சிவப்பு அட்டைக்காரர்கள் எல்லோரும் குழாயடியில் வரிசையாக நிற்க வேண்டும். விளையாட்டு வாத்தியார் விசில் ஊதுவார். ஐந்து நிமிடம் தேய்க்க வேண்டும். பச்சை அட்டைக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"தண்ணி பட்டா சுர்ருனு மண்டை வரைக்கும் ஏறுதும்மா. அழுதா, சரியா தேக்கலைன்னு இன்னொரு தடவை தேக்கச் சொல்றாரு."

"சாப்பாடு ஏன் சாப்பிடலை?"

"சாப்பிட்டா தேக்கணுமில்ல. சாப்பிடலைன்னாலும் தேக்க வெச்சாங்க. நாளையிலேர்ந்து நான் போகமாட்டேன். நீ அடிச்சாலும் போகமாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மௌனத்தில் செகண்ட்ஸ் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தையைக் குழாயடியிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். முகாம் முடிய இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. டாக்டர் போய்விட்டால் அட்டையை மாற்ற ஆள் கிடையாது. வருடம் பூராவும் விசில்தான்.

காலையில் கடைக்குப் போய் முதலாளி முன்னால் நின்றாள். "அரை நாள் லீவு. அப்புறம் ரெண்டு டைல்ஸ் வேணும்."

"லீவு சரி, டைல்ஸ் எதுக்கு? யாரு மண்டையை உடைக்கப் போறே?"

"உடையாது. புரிய வைக்கத்தான்."

"புரிஞ்சதும் திருப்பிக் கொண்டா" என்றார் முதலாளி. குணம் போகுமா?

மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தோளில் துணிப்பையோடு தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தாள். தலைமையாசிரியை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். நாற்காலி எதிரே காலியாக இருந்தும் உட்காரச் சொல்லவில்லை. அவளே உட்கார்ந்துகொண்டாள். பேரத்தில் நின்றுகொண்டு பேசுபவன் பாதி தோற்றவன்.

"சிவப்பு அட்டை விஷயமா வந்திருக்கேன் மேடம்."

"நேத்திலேர்ந்து நீங்க அஞ்சாவது ஆளு. எல்லாரும் இதையேதான் சொல்றாங்க, நான் தேச்சு விடறேன், நான் தேச்சு விடறேன்னு. பல்லு வேற கதை சொல்லுது."

"பல்லு என்ன கதை சொல்லுதுன்னு நானும் கேக்கத்தான் வந்தேன்."

பையிலிருந்து இரண்டு டைல்ஸை எடுத்து, வருகைப் பதிவேட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, மேசைமேல் வைத்தாள். ஒன்று பழசு, எங்கோ இடித்த குளியலறையிலிருந்து பெயர்த்தது, அழுக்கு அப்பியிருந்தது. மற்றது பெட்டியிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்தது, பார்வைக்குப் பால் மாதிரி.

"இதுல எது மோசம், சொல்லுங்க."

தலைமையாசிரியை பழசைக் காட்டினார். அவள் ஈரத் துணியால் அதை அழுத்தி நாலு இழு இழுத்தாள். அழுக்கு போய் டைல்ஸ் பளபளத்தது. புதுசின்மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டுத் துடைத்தாள். கோடு போனது. கோடு இருந்த இடத்தில் கறுப்புப் புள்ளிகள் எறும்பு ஊர்ந்த மாதிரி நின்றன.

"தேச்சுப் பாருங்க மேடம்."

அவர் தேய்த்தார். ஆசிரியை அல்லவா, விடாமல் தேய்த்தார்.

"உங்க கை தேயும், இது போகாது. சூளையில பூச்சு ஒழுங்கா பிடிக்கலை. இதை வாங்கினவளைக் குழாயடியில நிறுத்தி விசில் ஊதி என்ன புண்ணியம்?"

"இது தரையில போடற ஓடு. பல்லு ஓடு இல்லையே?"

"அதை டாக்டர் சொல்லட்டும். கூப்பிடுங்க."

டாக்டர் நூலக அறையில் அலமாரிகளுக்கு நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு வாய் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசு. அந்த மாதத்தில் இது நாலாவது பள்ளிக்கூடம் என்று கண்ணுக்குக் கீழே எழுதியிருந்தது. தலைமையாசிரியை அறைக்கு வந்து, மகளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டாள். கண்ணாடி கடைவாய்க்குப் போனதும் நின்றது.

"பனிக்கட்டி, குளிர்ந்த தண்ணி... கூசுதா கண்ணு?"

மகள் தலையாட்டினாள்.

"இந்தப் பல்லு வெளியே வரும்போதே இப்படித்தான் இருந்துச்சா?" டாக்டர் அம்மாக்காரியைக் கேட்டாள்.

"பாதி எட்டிப் பார்க்கும்போதே பழுப்பு. என் கண்ணால பார்த்தேன்."

டாக்டர் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கைக்குட்டையைத் தேடினாள். தேவையே இல்லாத தேடல். "இவங்க சொல்றது சரிதான் மேடம். இது எனாமல் உருவாகும்போதே வந்த குறை."

"தெளிவா சொல்லுங்க டாக்டரம்மா, மேடத்துக்கும் புரியட்டும்."

"பல்லோட மேல்பூச்சுதான் எனாமல். அதைப் பூசறதுக்குன்னே ஈறுக்குள்ள செல்கள் இருக்கு. இந்தக் கடைவாய்ப் பல்லுக்கு, குழந்தை பொறக்கற சமயத்துல பூச ஆரம்பிச்சு முதல் மூணு வருஷத்துக்குள்ள முடிச்சிடும். ஒரே தடவைதான் பூசும். பல்லு வெளியே வரும்போது அந்தச் செல்களே இருக்காது. மறுபடி கூப்பிட்டுப் பூசச் சொல்ல முடியாது."

"சூளை அணைஞ்சு போச்சு."

"அப்படித்தான். நடுவுல ஏதாவது இடைஞ்சல் வந்தா, அந்த நேரத்துல எந்தப் பல்லுக்கு வேலை நடந்துச்சோ அது மாட்டிக்கும். பார்க்க முழுப் பல்லு மாதிரி இருக்கும், உள்ளே சுண்ணாம்பு கெட்டிப்படாம மெத்துனு இருக்கும். அதான் கூசுது, அதான் பொடியுது. எல்லாப் பல்லுலயும் கோடு கோடா வெள்ளையடிச்சிருந்தா தண்ணியில ஃப்ளோரைடு அதிகமான்னு சந்தேகப்படலாம். இது அது இல்ல. ஒரு மூணு பல்லுல மட்டும் எல்லை கட்டி நிக்குது. சின்ன வயசுல இவளுக்குக் காய்ச்சல் அதிகமா வந்துச்சா?"

மறக்கிற காய்ச்சலா அது? முதல் வருடத்தில் இரண்டு முறை நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரி. இரண்டாவது முறை ஒன்பது நாள். குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, மூச்சு விடுகிறதா என்று விரலை மூக்கருகில் நீட்டி நீட்டிப் பார்த்த ஒன்பது நாள்.

"வந்துச்சு. அப்ப மருந்து மாத்திரை நிறையக் குடுத்தோம். அதனாலயா? நான் எதாவது..."

"தெரியாதும்மா. காய்ச்சலா இருக்கலாம், மூச்சு சரியா கிடைக்காததா இருக்கலாம், பிரசவத்துல எதாவது இருக்கலாம். காரணமே தெரியாம வர்றதும் நிறைய. மருந்துதான்னு நான் சொன்னா அது பொய். நீங்க அன்னைக்கு மருந்து குடுக்காம இருந்திருந்தா இன்னைக்குப் பல்லைப் பத்திப் பேச ஆளே இருந்திருக்காது."

அவள் சிவப்பு அட்டையை எடுத்து மேசையின் நடுவில் வைத்தாள். குரல் உயரவில்லை. உயராத குரல்தான் அவள் கடையில் எல்லோரும் பயப்படும் குரல்.

"அந்த ஒரு வருஷம் நான் தூங்கலை டாக்டரம்மா. இது என்னைக் கவனக்குறைவுன்னு சொல்லுது. அச்சடிச்சுச் சொல்லுது."

தலைமையாசிரியை தொண்டையைச் செருமினார். நல்ல மனுஷிதான். ஆனால் பள்ளிக்கூடம் நடத்துபவர். இழுப்பறையைத் திறந்து ஒரு பச்சை அட்டையை எடுத்து, யாரும் பார்க்கிறார்களா என்று கதவைப் பார்த்துவிட்டு, மேசைமேல் தள்ளினார்.

"சரிம்மா. இதை வெச்சுக்குங்க. சிவப்பைக் குடுத்துடுங்க. இன்னைக்கே உங்க பொண்ணு பேரை வரிசையிலிருந்து எடுத்துடறேன். வெளியில பேச வேண்டாம்."

வேறு யாராவது என்றால் பச்சையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். மகளின் கைகூட அதை நோக்கி நீண்டது. செகண்ட்ஸ் அக்கா அந்தக் கையை மெல்லப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, பச்சையைத் திருப்பித் தள்ளினாள்.

"இது வேண்டாம் மேடம்."

"என்னம்மா இது! சிவப்பும் வேண்டாம், பச்சையும் வேண்டாம்னா?"

"பச்சைன்னா ஒண்ணும் செய்ய வேண்டாம்னு அர்த்தம். இந்தப் பல்லுக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்குன்னு டாக்டரம்மா மூஞ்சியே சொல்லுது. சிவப்பு பொய், பச்சை அதைவிடப் பெரிய பொய். குறைச் சரக்கை முதல் தரப் பெட்டியில அடைச்சு அனுப்பறவனை நாங்க திருடன்னு சொல்லுவோம்."

"அப்ப உங்க பொண்ணு குறைச் சரக்கா?" தலைமையாசிரியைக்கும் சுருக்கென்று வந்துவிட்டது.

"பொண்ணு இல்ல மேடம். அவளோட மூணே கால் பல்லு. தரம் பார்க்கறது பல்லுக்கு. பொண்ணைத் தரம் பிரிச்சு வரிசையில நிறுத்தினது நீங்க."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், "பதினொண்ணு" என்றாள்.

"என்ன பதினொண்ணு?"

"இதுவரைக்கும் எண்பத்திநாலு பேரைப் பார்த்திருக்கேன். இதே மாதிரி பதினோரு பேர். பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுது. ஆனா ஃபாரத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு. எல்லாரையும் சிவப்புல போட்டுட்டேன்."

"கட்டம் இல்லைன்னா பல்லு இல்லாம போயிடுமா டாக்டரம்மா?"

டாக்டர் குனிந்து கையிலிருந்த சின்னக் கண்ணாடியைத் துடைத்தாள். காது சிவந்திருந்தது.

அதற்கப்புறம் நடந்தது சுத்தமான பேரம். செகண்ட்ஸ் அக்கா ஒருத்திக்குக் கேட்க வந்தவள், பதினோரு பேருக்கும் சேர்த்து மொத்த வியாபாரமாகப் பேசினாள். தலைமையாசிரியை, ஒன்றை மாற்றினால் சிவப்பு வாங்கின அத்தனை பேரும் வந்து நிற்பார்கள் என்றார். வரட்டும், நிஜமாகவே தேய்க்காதவர்களை டாக்டர் திருப்பி அனுப்பட்டும் என்றாள் இவள். மூன்றாவது நிறத்தில் அட்டை அச்சடித்து வரவில்லை என்றார் அவர். அலமாரியில் கிடந்த பழைய கோப்பு அட்டை ஒன்றைக் கண்ணால் காட்டினாள் இவள். டாக்டரே அதை எடுத்துக் கத்தரிக்கோலால் பதினோரு துண்டாக நறுக்கினாள். வெள்ளை என்று சொல்ல முடியாது, ஒரு மாதிரி மங்கல்.

முதல் துண்டில் டாக்டர் எழுதினாள்: எனாமல் உருவாகும்போது ஏற்பட்ட குறை. பெற்றோரின் கவனக்குறைவு காரணமாக இல்லாமலும் இருக்கலாம்.

"இருக்கலாம்கிறதை எடுங்க."

"நான் எப்படிம்மா அடிச்சுச் சொல்றது?"

"காய்ச்சலா, மூச்சான்னு அடிச்சுச் சொல்ல வேண்டாம். தேக்காததால இந்தக் குறை வருமா?"

"வராது."

"அதை எழுதுங்க."

டாக்டர் அடித்துவிட்டு எழுதினாள்: பல் துலக்காததால் வந்தது அல்ல. பிறகு பேனாவை நிறுத்தினாள். "ஆனா இந்தப் பல்லு சீக்கிரம் சொத்தையாகும். உங்க பொண்ணுக்கே பொடிஞ்ச இடத்துல ஆரம்பிச்சிருக்கு. மத்த பசங்களைவிட இவங்கதான் ஒழுங்கா தேக்கணும். வெதுவெதுப்பான தண்ணி, மெத்துனு பிரஷ். சீக்கிரம் கூட்டிட்டுப் போய்ப் பல்லுக்கு மூடி போடணும். அதையும் எழுதுவேன்."

"எழுதுங்க. மறைக்கச் சொல்லி நான் எப்பக் கேட்டேன்?"

குழாயடி வரிசையிலிருந்து பதினோரு பேரையும் எடுப்பது என்று முடிவானது. சிவப்புப் பெயர்களை எந்த ஒலிபெருக்கியில் வாசித்தார்களோ அதிலேயே மாற்றத்தையும் வாசிக்க வேண்டும் என்றாள். தலைமையாசிரியை பெருமூச்சு விட்டு அதற்கும் ஒப்புக்கொண்டார். கடைசி ஒன்றில் மட்டும் அசையவில்லை.

"பெத்தவங்ககிட்ட ஒவ்வொருத்தரா விளக்கிட்டு இருக்க எனக்கும் நேரமில்ல, டாக்டருக்கும் இல்ல. அட்டையைப் பையில போட்டு அனுப்புவேன், அவ்வளவுதான்."

"பையில வர்ற அட்டையை யாரு படிப்பா? எங்க வீட்டுல படிச்ச லட்சணம் எனக்குத் தெரியும். முதல்ல சண்டைதான் வந்துச்சு."

"வேற வழி இல்லம்மா."

"அட்டையைக் குடுங்க. கேட்ல நின்னு நானே குடுக்கறேன்."

தலைமையாசிரியை டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பதினோரு துண்டிலும் அதையே எழுதி, குழந்தைகளின் பெயரும் கையெழுத்தும் போட்டு, ஒன்றை மகளிடம் கொடுத்து, மிச்சத்தை அடுக்கி அவளிடம் நீட்டினாள்.

அரை நாள் லீவு முழு நாளாகிவிட்டது. மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் வெயில் இறங்கவே இல்லை. செகண்ட்ஸ் அக்கா கம்பிக் கதவை ஒட்டி நின்றுகொண்டாள். மகள் ஒவ்வொரு பெயராகப் படித்து, "அம்மா, அந்த நெட்டைப் பையன்", "அந்த ரெட்டைச் சடை" என்று ஆளைக் காட்டினாள்.

முதலில் வந்த தாய், என்ன ஏது என்று கேட்பதற்குள்ளேயே, "நான்தான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேன்" என்று ஆரம்பித்தாள்.

"கெடுக்கலை. இதைப் படிங்க. குழாயடியில இனிமே நிக்க வேண்டாம். டாக்டர்கிட்ட மட்டும் தள்ளிப் போடாம போங்க."

அந்தத் தாய் இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை உதடு அசையப் படித்தாள். பிறகு குழந்தையின் தலையில் கையை வைத்துக்கொண்டு நடந்தாள்.

இரண்டாவது ஆளிடமும் மூன்றாவது ஆளிடமும் அதையே சொன்னாள். நாலாவதாக வந்தவர், வேலைச் சட்டையோடு, சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு வந்த ஒரு தகப்பன். ரெட்டைச் சடைக்காரி பின்னால் பதுங்கிப் பதுங்கி வந்தாள். அட்டையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இந்தக் கழுதை தேக்கறதே இல்ல. நேத்து ரெண்டு போட்டேன். அதுக்கு நீங்க வக்காலத்தா? நீங்க என்ன டாக்டரா?" என்றார்.

"இல்ல. டைல்ஸ் விக்கறவ."

"அப்ப ஓரமா போங்கம்மா."

அவள் ஓரமாகப் போகவில்லை. பையிலிருந்து செல்போனை எடுத்து வெளிச்சத்தைப் போட்டு, அவர் கையிலேயே கொடுத்தாள்.

"நேரா அடிக்காதீங்க, கன்னத்துப் பக்கமா சாய்ச்சு அடிங்க. கடைசிப் பல்லு. பார்த்துட்டு, அந்த ரெண்டு அடி யாருக்கு விழுந்திருக்கணும்னு நீங்களே சொல்லுங்க. நான் இங்கதான் நிக்கறேன்."

அவர் முறைத்தார். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, வெயிலில் முட்டி போட்டு உட்கார்ந்து, "திற" என்றார் தன் மகளிடம். திட்டுகிற குரலில்தான் சொன்னார். குழந்தை திறந்தது. வெளிச்சம் கொஞ்சம் ஆடியது, பிறகு நின்றது. அவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

செகண்ட்ஸ் அக்கா அவரை அவசரப்படுத்தவில்லை. கையில் இன்னும் ஆறு அட்டைகள் இருந்தன. அடுத்த பெயரைப் படி என்று மகளுக்குக் கண்ணைக் காட்டினாள்.